குடல் சுத்திகரிப்புக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், உள்ளே என்ன நடக்கும்?

வைகறை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வருகிற வியாழக்கிழமை கோலன் ஹைட்ரோதெரபி, அதாவது பெருங்குடலைத் தண்ணீரால் கழுவுவது, செய்துகொள்ளப் போகிறேன். முதல் தடவை, கொஞ்சம் பயமாக இருக்கிறது. செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

எனக்கு வயது 43. ஏழெட்டு மாதமாக மலச்சிக்கல். மூன்று நாளைக்கு ஒரு முறைதான் போகிறது, அதுவும் முக்கி முக்கி, சிறு சிறு உருண்டையாக. எழுந்து வந்த பிறகும் உள்ளே மிச்சம் இருப்பது போலவே இருக்கும். காலையில் சரியாக இருக்கிற வயிறு சாயங்காலத்துக்குள் உப்பிப்போய் இடுப்பில் துணி இறுக்க ஆரம்பித்துவிடுகிறது. போதாததற்கு எப்போதும் ஒரு அசதி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. உடன் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி குடலைக் கழுவிக்கொண்டு வந்து உடம்பே இறகு மாதிரி ஆகிவிட்டது என்றாள். அந்த மையத்துக்குப் போன் செய்தேன். குடல் சுவரில் பல வருஷக் கழிவு ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் நச்சு இரத்தத்தில் கலப்பதால்தான் அசதி, ஆறு முறை செய்தால் எல்லாம் போய்விடும், எடையும் குறையும் என்றார்கள்.

வலிக்குமா? எவ்வளவு நேரம் ஆகும்? அன்றைக்கே வேலைக்குப் போக முடியுமா? நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடுமா? அப்புறம், இந்த ஒட்டிக்கொண்டிருக்கும் கழிவு என்பது உண்மைதானா?

நதிக்கரை எழுதியது:

நான் மூன்று முறை செய்துகொண்டவள், அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

முதலில் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். கவுன் கொடுப்பார்கள். இடது பக்கமாகப் படுக்கவைத்து, வழவழப்பான ஜெல் தடவிய ஒரு குழாய் முனையை ஆசனவாய் வழியாக உள்ளே வைப்பார்கள். அந்த நொடி சங்கடம்தான், வலி என்று சொல்ல முடியாது. அதன் பிறகு மல்லாந்து படுக்கலாம். முனையிலிருந்து இரண்டு குழாய்கள் போகும், ஒன்றில் தண்ணீர் உள்ளே வரும், இன்னொன்றில் வெளியே போகும். தண்ணீர் உடம்புச் சூட்டில் இருப்பதால் உள்ளே வருவதே தெரியாது. கொஞ்ச நேரத்தில் அடிவயிறு நிரம்பி, அவசரமாகக் கழிப்பறைக்கு ஓட வேண்டும் போல ஒரு அழுத்தம் எழும்பும், பேதியாகும்போது சுருட்டிப் பிடிக்குமே அதே மாதிரி. அவர்கள் வால்வைத் திறந்ததும் அது குபுக்கென்று இறங்கும். மறுபடி நிரப்புவார்கள், வயிற்றை நீவிவிடுவார்கள், மறுபடி திறப்பார்கள். இப்படியே முக்கால் மணி நேரம். மொத்தத்தில் 60 லிட்டர் வரைகூடத் தண்ணீர் போய் வரும் என்று சொல்வார்கள், பயப்படாதீர்கள், ஒரே சமயத்தில் இல்லை.

இயந்திரத்தின் பக்கத்தில் விளக்குப் போட்ட ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், வெளியே போவது அதில் தெரியும். எல்லாரும் பார்க்க விரும்புவது அதைத்தான். நானும் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் நின்றவர் ஒவ்வொன்றையும் காட்டி, இது பழையது, இது ரொம்பப் பழையது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

முடிந்ததும் கால் மணி நேரம் கழிப்பறையில் உட்கார வேண்டும், மிச்சத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு வேலைக்குப் போகாதீர்கள். எனக்குச் சாயங்காலம் தலைசுற்றல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பொய் சொல்ல மாட்டேன், அன்று இரவு வயிறு அவ்வளவு லேசாக இருந்தது, அந்த சுகத்துக்காகத்தான் இரண்டாவது முறையும் போனேன். எடை 1 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது, மூன்றாம் நாள் அப்படியே திரும்பி வந்துவிட்டது. அதைவிட முக்கியம், மலச்சிக்கலும் கூடவே திரும்பி வந்தது. காலியான குடல் மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகிறது, அவ்வளவுதான். மூன்றாவது தடவை செய்தபோது பிடிப்பு தாங்க முடியாமல் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு போகவில்லை.

இரவுப்பணி எழுதியது:

வைகறை, நான் எண்டோஸ்கோபி (கேமராக் குழாய் விட்டு உள்ளே பார்க்கும்) பிரிவில் 14 வருஷமாகச் செவிலியர். தினமும் பெருங்குடலை உள்ளிருந்து திரையில் பார்க்கிறவள் என்ற முறையில் உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். சுவரில் ஒட்டிய வருஷக்கணக்கான கழிவு என்று ஒன்று கிடையாது. மருந்து குடித்துச் சுத்தமாக வந்தவர்களின் குடல், உதட்டின் உட்புறம் மாதிரி ஈரமாக, இளஞ்சிவப்பாக, மெல்லிய இரத்தக் குழாய்கள் கிளைகிளையாகத் தெரிய இருக்கும். சரியாகக் குடிக்காமல் வந்தவர்களுக்கு மலம் இருக்கும், ஆனால் அது நேற்றைய, முந்தாநாளைய மலம். தண்ணீரைப் பீய்ச்சினால் நகர்ந்துவிடும். சுவரின் மேல்தோல் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வருகின்றன. உதிர்ந்துகொண்டே இருக்கிற சுவரில் எது வருஷக்கணக்கில் ஒட்டியிருக்க முடியும்?

இணையத்தில் சிலர் கயிறு மாதிரி, ரப்பர் மாதிரி நீளமாக வந்ததைப் படம் பிடித்துப் போடுவார்கள். அவர்கள் விழுங்கிய சுத்திகரிப்புப் பொடியின் பொருள் பட்டியலைப் பாருங்கள். இசப்கோல் உமியும் பென்டோனைட் களிமண்ணும் இருக்கும். இரண்டும் தண்ணீரில் ஊறிக் கெட்டியாகிக் குடலின் வடிவத்திலேயே வெளியே வருகின்றன. உள்ளே போட்டதுதான் வெளியே வந்திருக்கிறது.

நச்சு இரத்தத்தில் கலக்கிறது என்ற பேச்சு நூறு வருஷத்துக்கும் பழையது. 1908இல் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி மெட்ச்னிகாஃபே பெருங்குடலில் நடக்கும் அழுகல்தான் ஆயுளைக் குறைக்கிறது என்று நம்பினார். லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற அறுவை மருத்துவர் மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். 1919இல் அமெரிக்க மருத்துவர் வால்டர் அல்வாரெஸ் இதை மறுத்து எழுதினார். மலம் கழித்த உடனே தலைவலியும் மந்தமும் போய்விடுகின்றனவே, இரத்தத்தில் நச்சு கலந்திருந்தால் அது எப்படி உடனே போகும், அது நிரம்பிய மலக்குடல் விரிந்து நரம்பை அழுத்துவதால் வருவது என்றார். நதிக்கரை சொன்ன அந்த லேசான உணர்வும் இதுதான். அது உண்மையான உணர்வு, நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் காரணம் நச்சு இல்லை.

எடை பற்றி ஒரு வரி. சத்து பெரும்பாலும் உறிஞ்சப்படுவது சிறுகுடலில், பெருங்குடலுக்கு வந்து சேருவது மிச்சம். அதைக் கழுவினால் கொழுப்பு கரையாது. பாக்டீரியா விஷயம், உள்ளே பல லட்சம் கோடி இருக்கின்றன, கழுவினால் குறையும், சில வாரங்களில் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் அவை நார்ச்சத்தை உடைத்துத் தரும் ப்யூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம்தான் குடல் சுவருக்கே முக்கிய உணவு, அவற்றைக் கழுவிவிடுவதில் என்ன லாபம் என்று யோசியுங்கள்.

ஆபத்து உண்டா என்றால், உண்டு. எல்லாருக்கும் நடக்காது. ஆனால் குடலில் ஓட்டை விழுந்து அவசர அறுவைக்கு வருவது மருத்துவ இதழ்களில் பதிவானதுதான். அதிகத் தண்ணீர் உறிஞ்சப்பட்டால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், வலிப்புவரை போகலாம். சிறுநீரகம், இதயம் பலவீனமானவர்கள், மூலம் உள்ளவர்கள், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், க்ரோன் நோய், டைவர்ட்டிகுலைட்டிஸ் போன்ற குடல் அழற்சி நோய்கள் வந்தவர்கள், சமீபத்தில் வயிற்று அறுவை ஆனவர்கள், கர்ப்பிணிகள் இதன் பக்கமே போகக் கூடாது. கருவி சுத்தமில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவில் மேற்குக் கொலராடோவில் 1978 முதல் 1980 வரை நடந்தது. ஒரே மையத்தில் கழுவிக்கொண்ட குறைந்தது 36 பேருக்கு அமீபா தொற்று, அதில் 10 பேருக்குப் பெருங்குடலை எடுக்க வேண்டிவந்தது, அவர்களில் 6 பேர் இறந்துபோனார்கள். கழுவும் கருவி வழியாகப் பரவியது. காபி எனிமாவையும் (ஆசனவாய் வழியாகக் காபி செலுத்துவது) யாராவது சொல்வார்கள், அதில் குடல் வெந்து புண்ணானவர்களும் உண்டு, உப்புச் சமநிலை கெட்டு இறந்தவர்களும் உண்டு.

அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏ இந்தக் கருவிகளை எண்டோஸ்கோபி மாதிரியான பரிசோதனைக்கு முன் குடலைக் காலி செய்யத்தான் அனுமதித்திருக்கிறது. பொதுவான உடல்நலத்துக்கு என்று எதற்கும் ஒப்புதல் தரவில்லை.

இப்போது உங்களிடம் சில கேள்விகள், இவைதான் எனக்கு முக்கியம். மலத்தில் இரத்தம் போகிறதா? நிறம் என்ன? முயற்சி செய்யாமலே எடை குறைந்ததா? வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருக்கிறதா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் என்ன மாறியது?

பாதிவழி எழுதியது:

குடலைக் கழுவுவதே தப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம் என்பதற்காக மட்டும் எழுதுகிறேன். என் தம்பிக்கு விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. ஆசனவாய் வழியாகத் தண்ணீர் செலுத்திக் காலி செய்யும் முறையை மருத்துவமனையில் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் அரை மணி நேரம் தானே செய்துகொள்கிறான், இப்போது வெளியே போகிறான், வேலைக்குப் போகிறான், துணி நனைந்துவிடுமோ என்ற பயம் இல்லை. அவனுக்கு நரம்பு வேலை செய்யவில்லை, அந்த வேலையைத் தண்ணீர் செய்கிறது. மருத்துவர் பரிசோதித்து, எவ்வளவு தண்ணீர் என்று அளவு சொல்லி, முதல் சில தடவை பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். நச்சு, எடை என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

வைகறை எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. இரவுப்பணி அக்கா, உங்கள் கேள்விகளைப் படித்ததும்தான் எனக்கு ஒன்று உறைத்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2 என்று வந்தது, அப்போதிருந்து இரும்புச்சத்து மாத்திரை தினமும், கால்சியமும் சேர்த்து. மலச்சிக்கல் ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. இரத்தம் போகவில்லை. ஆனால் நிறம் கறுப்பாக இருக்கிறது, அதைத்தான் நச்சு என்று நினைத்துக்கொண்டேன். ஹீமோகுளோபின் ஏன் குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாதவிடாய் எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகம்தான். மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

இரவுப்பணி எழுதியது:

நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. படியேறினால் மூச்சு வாங்குவதும் அசதியும் அந்த 9.2 செய்கிற வேலையாக இருக்கலாம், நிறுத்தினால் அது இன்னும் இறங்கும். மருத்துவரிடம் சொன்னால் வேறு வகை இரும்புக்கு மாற்றுவார், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கச் சொல்வார், சிலருக்கு ஊசியாகவே கொடுப்பார்கள். கால்சியத்தையும் இரும்பையும் ஒரே நேரத்தில் விழுங்குகிறீர்களா? கால்சியம் இரும்பை உறிஞ்ச விடாது, அதோடு மலத்தையும் இறுக்கும். இரண்டுக்கும் நடுவில் சில மணி நேரம் இடைவெளி வேண்டும்.

இரும்பு சாப்பிட்டால் மலம் கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ போகும், அது சகஜம். ஆனால் தார் மாதிரிப் பளபளப்பாக, பிசுபிசுவென்று, ஒரு மாதிரிக் கெட்ட நாற்றத்தோடு போனால் அது மேல் வயிற்றில் இரத்தம் கசிவதாக இருக்கலாம், அப்போது ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. இந்த வித்தியாசத்தை அந்தக் கண்ணாடிக் குழாயில் யார் பார்த்துச் சொல்லப்போகிறார்கள்? உங்கள் மாத்திரையின் கறுப்பைக் காட்டி, பாருங்கள் பல வருஷக் கழிவு என்றுதான் சொல்வார்கள், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை, இரும்பு ஏன் குறைந்தது என்பது. மாதவிடாய் காரணமாக இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் 43 வயதில் இரத்தசோகையும், புதிதாக வந்த மலச்சிக்கலும் சேர்ந்து இருக்கும்போது வயிற்றையும் குடலையும் பார்க்காமல் விடக் கூடாது. தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்தாலும் மலச்சிக்கல், அசதி இரண்டும் வரும். மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள்.

அதுவரை, தண்ணீர் போதுமான அளவு குடித்து, நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரே நாளில் கூட்டினால் உப்பசம் அதிகமாகும். காலை உணவுக்குப் பிறகு பெருங்குடல் தானாகவே அசையும், அந்த நேரத்தை வேலை அவசரத்தில் தள்ளிப்போடாமல் போய் உட்காருங்கள். மேற்கத்திய கழிப்பறை என்றால் காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி போட்டு முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி உட்கார்ந்தால் மலக்குடலின் வளைவு நிமிர்ந்து சுலபமாகப் போகும். இன்னொன்று, நாளைக்கு மூன்று முறை போவதும் வாரத்துக்கு மூன்று முறை போவதும் இரண்டுமே இயல்பு வட்டத்துக்குள்தான், எண்ணிக்கையை நினைத்துப் பயப்படாதீர்கள். முக்குவதும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வும்தான் கவனிக்க வேண்டியவை.

ஆலமரம் எழுதியது:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்துவிட்டு எழுதுகிறேன். என் அப்பா 58 வயதில் மலத்தில் இரத்தம் வருவதைப் பார்த்தார். மூலம் என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு சுத்திகரிப்பு மையத்தில் உள்ளே இருக்கும் நச்சு வெளியேறும்போது அப்படித்தான் வரும், நல்ல அறிகுறி என்றார்கள். ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் இரண்டு நாள் நன்றாக இருப்பார். ஒரு வருஷத்துக்கும் மேல் இப்படியே போனது. எங்களில் ஒருவர்கூட எதிர்த்துக் கேட்கவில்லை, அப்பாவே சந்தோஷமாக இருக்கிறாரே என்று விட்டுவிட்டோம். கடைசியில் அடைப்பு ஏற்பட்டு இரவில் தூக்கிக்கொண்டு போனபோது கட்டி கல்லீரல்வரை பரவியிருந்தது. ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் அறுவையோடு முடிந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டபடி அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடி இன்னும் நினைவில் இருக்கிறது.

உங்களுக்கு அப்படி எதுவும் இருக்காது சகோதரி. இருந்தாலும் வியாழக்கிழமை அங்கே போகாதீர்கள், அந்த நேரத்தை மருத்துவருக்குக் கொடுங்கள்.

வைகறை எழுதியது:

அண்ணா, அப்பாவை நினைத்து ரொம்ப நேரம் மனசு கனத்துவிட்டது. மையத்தில் வாங்கியிருந்த நேரத்தை அன்றைக்கே ரத்து செய்தேன். மருத்துவர் மாத்திரை அட்டைகளைப் பார்த்த உடனேயே கால்சியத்தை இரவுக்கு மாற்றினார், இரும்பை ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றார். ஸ்கேனில் கருப்பையில் நார்த்திசுக் கட்டி இருக்கிறது, அதிகப்படியான மாதவிடாய்க்கு அது காரணமாக இருக்கலாம் என்கிறார். தைராய்டு சரியாக இருக்கிறது. ஆனாலும் வயிற்றுக்கு எண்டோஸ்கோபியும் பெருங்குடலுக்குக் கொலோனோஸ்கோபியும் செய்துவிடலாம் என்று அடுத்த செவ்வாய்க்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். ஆக, சுத்திகரிப்பு எப்படியும் செய்யத்தான் போகிறேன். அந்த மருந்தைக் குடிப்பதுதான் கஷ்டம் என்கிறார்களே, எப்படி இருக்கும்?

இரவுப்பணி எழுதியது:

நல்ல காரியம் செய்தீர்கள். எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள், சொல்கிறேன்.

கொடுக்கிற பொடி பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைகாலும் உப்புகளும் சேர்ந்தது. அது உடம்பில் உறிஞ்சப்படாது, குடித்த தண்ணீரைக் குடலிலேயே பிடித்துவைத்து அப்படியே வெளியே தள்ளும், உப்பும் சேர்ந்திருப்பதால் உடம்பின் சமநிலை பெரிதாகக் கெடாது. மையத்தில் செய்வதற்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். நீங்களாகக் கடைக்குப் போய் ஏதாவது பாஸ்பேட் திரவம் வாங்கிக் குடிக்காதீர்கள். அந்த வகை சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்ததால் 2008இலேயே எஃப்டிஏ கடுமையான எச்சரிக்கை கொடுத்தது. இரும்பு மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், இது நிறுத்த வேண்டிய நேரம்தான், இல்லாவிட்டால் கறுப்பு சுவரில் படிந்து ஒன்றும் தெரியாது. என்றைக்கிருந்து என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். முந்தின நாள் முழுக்கத் தெளிந்த திரவம் மட்டும், சிவப்பும் ஊதாவும் வேண்டாம், உள்ளே இரத்தம் மாதிரித் தெரியும்.

சுவை உப்புக் கரிக்கும், கொழகொழவென்று இருக்கும். நன்றாகக் குளிரவைத்து, ஸ்ட்ரா போட்டு நாக்கின் பின்பக்கமாக உறிஞ்சுங்கள். ஒரு மணி நேரம்வரை ஒன்றும் நடக்காது, ஏமாந்து வெளியே போய்விடாதீர்கள், ஆரம்பித்தால் நிற்காது. முதல் தடவை போனதுமே வாசலின் மாதிரி ஏதாவது தடவிக்கொள்ளுங்கள், எரிய ஆரம்பித்த பிறகு தடவிப் பயனில்லை. குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மெதுவாகத் தொடருங்கள். பாதியை முந்தின சாயங்காலமும் மீதியைப் பரிசோதனைக்கு நாலைந்து மணி நேரம் முன்னால் அதிகாலையிலும் குடிக்கச் சொல்வார்கள். அந்த இரண்டாவது பாதியைத்தான் நிறையப் பேர் தூக்கக் கலக்கத்தில் விட்டுவிடுகிறார்கள், விட்டால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டிவரும். கடைசியில் போவது சிறுநீர் நிறத்தில், அடியில் எதுவும் தங்காமல் தெளிவாக இருக்க வேண்டும். மயக்கம் கொடுப்பார்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள், அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது.

வைகறை எழுதியது:

திங்கள் இரவு 11 மணி. முதல் பாதி முடிந்துவிட்டது, ஸ்ட்ரா ரொம்ப உதவியது. இன்னும் கொஞ்சம் கலங்கலாகத்தான் போகிறது, சின்னச் சின்ன துகள்கள் இருக்கின்றன. பரவாயில்லையா?

இரவுப்பணி எழுதியது:

பரவாயில்லை, இந்த நேரத்துக்கு அப்படித்தான் இருக்கும். இப்போது தூங்குங்கள். அலாரம் வைத்து எழுந்து மீதியை முழுசாகக் குடித்துவிடுங்கள், விடிவதற்குள் தெளிந்துவிடும்.